புல் வெட்டும் யந்திரம்: பெட்ரோலா, பாட்டரியா?



வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு மண் என்பது மாடித் தொட்டியில் உள்ள அளவுதான். ஆயினும் எல்லோருக்கும் அப்படியல்ல. தில்லியில் தரைத்தளத்து அரசாங்கக் குடியிருப்பு வாய்த்தவர்களுக்கு முன்புறமோ பின்புறமோ சிறிது நிலம் உண்டு. பிலாய், பொகாரோ, ஜாம்ஷெட்பூர் முதலிய உருக்காலை நகரங்களிலும், ரயில்வே காலனிகளிலும், ராணுவக் குடியிருப்புகளிலும் வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்து வாழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்களுக்கும் பொதுப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்தினுடையது. சங்கம் என்பதோ நாமேதான்.

இந்த நிலங்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் ஒரு சோதனைக் காலம் வருகிறது. தென்மேற்குப் பருவமழை ஜூன் 27-ஆம் தேதியை ஒட்டித் தில்லியை வந்தடைவது வழக்கம். செப்டம்பர் 25 வாக்கில் அது விடைபெறுகிறது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் புல் வளரும் வேகத்தைக் கண்டு வியக்காதவர் இல்லை. நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லை இங்கே 'தூப்' என்கிறார்கள். நம் வயல்களில் தொல்லை தரும் கோரை இங்கே 'மோத்தா'. இவற்றோடு பார்த்தீனியம் என்னும் நச்சுக் களையும் சேர்ந்துகொள்கிறது. அதன் இலை காரட் இலையைப் போல் இருப்பதால் இந்தியில் அதற்குக் 'காஜர் காஸ்' என்று பெயர். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது 1950-களின் நடுவில் புணே நகரில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதனால் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உண்டாகின்றன. ஆகவே புல்லை வெட்டுவது அழகுக்காக மட்டும் செய்யும் காரியமன்று. குழந்தைகள் விளையாடும் இடத்தில் பாம்பு ஒளிந்திராதபடி செய்வதும், களை பூத்து விதை சிந்துமுன் அதை நீக்குவதும் நம் கடமைகள்.

முன்பெல்லாம் இதற்கு அரிவாள் போதுமானதாக இருந்தது. இப்போது கடைக்குப் போனால் நீண்ட குழாயின் முனையில் நைலான் நரம்பு சுழலும் யந்திரத்தைக் காட்டுகிறார்கள். நரம்பு மட்டும் சுழல்வதை 'கிராஸ் டிரிம்மர்' என்றும், உலோகத் தகடும் பூட்டக்கூடிய பெரியதை 'பிரஷ் கட்டர்' என்றும் கூறுகிறார்கள். வாங்க வந்தவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பெட்ரோலா, பாட்டரியா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு எப்படி விடை காண்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் முதலில் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை செய்ய விரும்புகிறேன். அமெரிக்காவில் அச்சாகும் கையேடுகளில் 'கேஸ்' என்ற சொல் வந்தால் அது நம் அடுப்பில் எரியும் வாயுவைக் குறிப்பதன்று. அந்நாட்டார் பெட்ரோலை 'காசோலின்' என்பார்கள். அதன் சுருக்கமே 'கேஸ்'. 'கேஸ் டிரிம்மர்' என்று படித்துவிட்டு, சமையல் வாயு உருளையை எங்கே பொருத்துவது என்று எவரும் தேட வேண்டியதில்லை.

இந்த யந்திரம் தோன்றிய கதை சுவையானது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரவாசியான ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். மோட்டார் வண்டிகளைக் கழுவும் நிலையத்தில், நைலான் இழைகள் வேகமாகச் சுழன்று வண்டியின் வர்ணத்தைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் துடைத்தெடுப்பதை அவர் கவனித்தார். மரத்தின் அடியிலும் சுவரோரத்திலும் முளைக்கும் புல்லை இவ்வாறே நீக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, சுழலும் கருவி ஒன்றில் பொருத்திப் பார்த்தார். புல் அறுந்து விழுந்தது. 'வீட் ஈட்டர்', அதாவது களை தின்னி, என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

மெல்லிய நரம்பு புல்லை எப்படி அறுக்கிறது? கூர்மையினால் அன்று, வேகத்தினால். 30 சென்டிமீட்டர் விட்டத்தில் நரம்பு சுழல்கிறது என்றும், நிமிடத்துக்கு 7000 சுற்று என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது நரம்பின் நுனி நொடிக்கு 110 மீட்டர் செல்கிறது. மணிக்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அவ்வளவு வேகத்தில் மோதும்போது நைலானும் கத்தியாகிவிடுகிறது. ஆனால் அதே வேகம் ஒரு சிறு கல்லையும் குண்டைப்போல் தெறிக்கச் செய்யும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

இனி இருவகை யந்திரங்களையும் தனித்தனியே பார்ப்போம்.

பெட்ரோலில் ஓடும் சிறிய யந்திரங்களில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு எஞ்சின் எண்ணெயைத் தனியே ஊற்றுவதில்லை. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று கையேடு கூறினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் சூடேறி இறுகிப்போகும். மிகுந்தால் புகை கக்கும். எண்ணெய் கலக்க வேண்டாத 'ஃபோர் ஸ்ட்ரோக்' யந்திரங்களும் உண்டு. அவற்றில் புகை குறைவு. எடை சற்று அதிகம்.

பெட்ரோல் யந்திரத்தின் மேன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி, மின்சாரக் கணக்கில் சுமார் 9 யூனிட். சிறிய எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாக்குவதே அரிது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும். அப்படியிருந்தும் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட் கைக்குக் கிடைக்கிறது. தோட்டத்துப் பாட்டரி ஒன்றில் 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 144 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய இத்தகைய பாட்டரிகள் பத்து வேண்டும். இடுப்பளவு வளர்ந்த புதர்க்காட்டை நாள் முழுவதும் வெட்ட வேண்டியவருக்குப் பெட்ரோல் யந்திரம் ஏன் பிடித்திருக்கிறது என்பது இதனால் விளங்கும். தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம், மின்சாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அதன் தொல்லைகளும் சிறியவையல்ல. கயிற்றை இழுத்துக் கிளப்புவது முதியவர்களுக்கு எளிதன்று. காற்று வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டும். பெட்ரோலை பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கச் சென்றால் பல நிலையங்களில் மறுத்துவிடுவார்கள், மறுப்பதே முறை. அதற்கென்று உரிய கலம் வேண்டும்; வீட்டிலே அதை அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க இடம் வேண்டும்.

அண்மையில் மற்றொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை 2025-ஆம் ஆண்டில் எட்டினோம். எத்தனால் என்பது எரிசாராயம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நாள்தோறும் ஓடும் வாகனத்தில் பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை. புல் வெட்டும் யந்திரமோ செப்டம்பரில் மூலையில் சாய்ந்தால் அடுத்த ஆண்டு ஜூன் வரை எழுந்திருப்பதில்லை. தொட்டியில் தங்கிய பெட்ரோலில் நீர் பிரிந்து அடியில் இறங்கும்; ரப்பர் உறுப்புகள் கெடும்; கார்புரேட்டர் துருவேறும். சிறிய எஞ்சின்களுக்கு 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனால் கூடாது என்று வெளிநாட்டுத் தயாரிப்பாளர் பலர் தங்கள் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆதலால் பெட்ரோல் யந்திரம் வாங்குவோர், 20 விழுக்காட்டுக் கலவைக்கு அது ஏற்றதா என்று கேட்டு, கையேட்டிலும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் உபயோகமில்லை என்றால் தொட்டியைக் காலி செய்து, எஞ்சினை ஓடவிட்டு, குழாயில் உள்ளதையும் தீர்த்துவிட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது பாட்டரி யந்திரம். இதன் உயிர் லித்தியம் அயனிப் பாட்டரி. நம் கைப்பேசியில் உள்ளதும் இந்த இனமே. 1991-இல் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். புகை இல்லை, எண்ணெய்க் கணக்கு இல்லை, சத்தம் குறைவு, நடுக்கமும் குறைவு. எட்டு மாதம் சும்மா கிடந்தாலும் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது என்ற பேச்சுக்கு இடமில்லை.

குறைகளையும் கூற வேண்டும். நான் முன்பு சொன்ன 144 வாட்-மணிப் பாட்டரி, 400 வாட் இழுக்கும் யந்திரத்தை இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓட்டும். அடர்ந்த ஈரப் புல்லில் அதுவும் குறையும். மீண்டும் மின்னூட்ட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மாற்றுப் பாட்டரி இல்லாதவர் பாதி வேலையில் நிற்க நேரும். யந்திரத்தின் விலையில் பெரும் பகுதி பாட்டரியினுடையதே. ஒரு நிறுவனத்தின் பாட்டரி மற்றொன்றின் யந்திரத்தில் பொருந்துவதும் அரிது. ஆகையால் பாட்டரி வாங்கும்போது, அந்தப் பாட்டரி வேறு எந்தெந்தக் கருவிகளுக்குப் பொருந்தும், ஐந்து ஆண்டு கழித்தும் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். ஏற்கனவே வீட்டில் துளையிடும் கருவி இருந்தால், அதன் பாட்டரியே பொருந்தும் யந்திரத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

பாட்டரிக்குப் பெரும் பகை வெப்பம். மே மாதத்துத் தில்லியில் 45 டிகிரி வரை வெயில் ஏறுவதை நாம் அறிவோம். தகரக் கூரையின் கீழ் உள்ள சாமான் அறையில் பாட்டரியை வைத்தால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். வெயிலில் வேலை செய்து சூடேறிய பாட்டரியை உடனே மின்னூட்டக் கூடாது. நிழலில் ஆறவைத்த பின்பே செருக வேண்டும். பல மாதம் உபயோகமில்லை என்றால் பாதி அளவு மின்னூட்டி, வீட்டினுள் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையோடு போடலாகாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியிருக்கின்றன. வீட்டுக் குப்பையில் கலக்காமல் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது.

செலவு எது குறைவு என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் என்றும், யந்திரம் மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், எண்ணெயையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 80 ரூபாய். பாட்டரி யந்திரத்துக்கு மணிக்கு 400 வாட். மின்னூட்டுகையில் வீணாவதையும் சேர்த்து அரை யூனிட் என்போம். யூனிட் 8 ரூபாயானால் 4 ரூபாய். மணிக்கு 76 ரூபாய் மிச்சம்.

இதைக் கேட்டவுடன் பாட்டரிதான் மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வீட்டுத் தோட்டம் ஒன்றில் ஆண்டுக்குப் பத்து மணி நேரம் வெட்டினால் மிச்சம் 760 ரூபாய். ஐந்து ஆண்டில் 3800 ரூபாய். அதற்குள் ஒரு பாட்டரியை மாற்ற நேர்ந்தால் அந்த மிச்சம் கரைந்துபோகலாம். ஒரு காலனியின் பூங்காவில் ஆண்டுக்கு நூறு மணி நேரம் வேலை நடந்தால் ஐந்து ஆண்டில் 500 மணி. மிச்சம் 38,000 ரூபாய். மூன்று பாட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் இந்தக் கணக்குக்கு ஈடு கொடுக்கும். ஒவ்வொரு பாட்டரியும் ஏறக்குறைய 500 முறை மின்னூட்டம் தாங்கினால் போதும். ஆகவே அதிகம் உபயோகிப்பவருக்கே பாட்டரியால் பணம் மிச்சமாகிறது. வீட்டில் சிறிதளவே உபயோகிப்பவருக்கு அதனால் மிச்சமாவது பெரும்பாலும் தொல்லையே. பொதுவாக மக்கள் எண்ணுவதற்கு இது நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள்.

பணத்தைக் காட்டிலும் பெரிய விஷயம் காற்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் அதே வேளையில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே புகுகிறது. அவ்வாறு புகுவதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். பழைய அமைப்புள்ள எஞ்சின்களில் இது கால் பங்கையும் தாண்டலாம். தில்லியின் பேருந்துகளும் ஆட்டோ ரிக்ஷாக்களும் 1998-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீதியிலிருந்து நாம் வெளியேற்றிய அந்தப் புகை இப்போது பூங்காவின் வழியாக வீட்டு ஜன்னலுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021-இல் சட்டமியற்றி, 2024-ஆம் ஆண்டு மாதிரி முதல் புதிதாக விற்கப்படும் சிறு எஞ்சின் தோட்டக் கருவிகளில் பெரும்பாலானவை புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. சருகு ஊதும் பெட்ரோல் யந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்டினால், புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, ஒரு காரை 1100 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று அம்மாநிலத்தின் காற்று வள வாரியம் மதிப்பிட்டிருக்கிறது. அது சருகு ஊதும் கருவியைப் பற்றிய கணக்கேயாயினும், புல் வெட்டும் யந்திரத்திலும் இருப்பது அதே இனத்து எஞ்சின்தான்.

அடுத்தது ஒலி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பெட்ரோல் யந்திரத்தைப் பிடித்திருப்பவரின் காதில் விழும் ஒலி 90 டெசிபலுக்கு மேல். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உறங்கும் செவிலியரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றை இழுப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை நாம் யந்திரத்தை வாங்குபவரையும் அண்டை வீட்டாரையும் பற்றிப் பேசினோம். யந்திரத்தைக் கையில் பிடிப்பவர் யார்? பெரும்பாலான காலனிகளில் அவர் நாமல்லர். மாலி என்று நாம் அழைக்கும் தோட்டக்காரர். நான் வசிக்கும் குடியிருப்பில் சென்ற ஆண்டு சங்கக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை எழுந்தது. பழைய பெட்ரோல் யந்திரத்துக்குப் பதிலாகப் புதியது வாங்க வேண்டும். புகை வேண்டாம் என்றனர் சிலர். சக்தி போதாது என்றனர் சிலர். ஒரு மணி நேர வாதத்துக்குப் பின்னர், கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து இருபது ஆண்டாக இங்கே தோட்ட வேலை பார்க்கும் மாலியை அழைத்து வரும்படி ஒரு மூதாட்டி கூறினார்கள். வந்தவரிடம், "பையா, உங்களுக்கு எது சௌகரியம்?" என்று கேட்டோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டார். "பாட்டரியை எங்கே மின்னூட்டுவது? நான் இருக்கும் அறையில் மாலையில் மின்சாரம் நிலையாக இருப்பதில்லை. பாட்டரி தீர்ந்து நான் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? எனக்கு நாள் கணக்கில் கூலி இல்லை, வேலைக் கணக்கில்தானே? பாட்டரி கெட்டால் என் கூலியில் பிடிப்பீர்களா?" இந்த மூன்றில் ஒன்றுகூட எங்கள் வாதத்தில் எழவில்லை. பின்னர் அவரே சொன்னார்: பெட்ரோல் யந்திரத்தைப் பிடித்த நாள்களில் இரவில் கைவிரல்கள் மரத்துப்போகின்றன; காதில் இரைச்சல் அடங்குவதில்லை. ஆனால் பெட்ரோல் எங்கும் கிடைக்கிறது, தன் பிழைப்பு நிற்பதில்லை என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டதாகக் கூறினார்.

விரல் மரத்துப்போவது சாதாரணக் களைப்பன்று. நடுங்கும் யந்திரத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல்களில் இரத்த ஓட்டம் குன்றி, குளிர் காலத்தில் விரல் வெளுத்துப்போகும் நோய் உண்டாவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். முற்றிய பின்னர் அது முழுதும் தீர்வதில்லை. புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை; புகைக்குழாய்க்கு மிக அருகில் இருக்கும் மூக்கு அவருடையது.

அன்று எடுத்த முடிவு இது: பாட்டரி யந்திரம் ஒன்றும் மாற்றுப் பாட்டரி இரண்டும் வாங்குவது, காவலர் அறையில் மின்னூட்ட இடம் ஒதுக்குவது, பாட்டரியின் பழுது சங்கத்தின் செலவு, மழைக்காலத்து மூன்று மாதங்களுக்கு வேலைக் கணக்கை விட்டு நாள் கூலி தருவது. பழைய பெட்ரோல் யந்திரத்தைப் பழுது பார்த்து, பின்மதிலோரத்துப் புதருக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். கூலி விஷயத்தில் கடைசிவரை மறுத்தவர்களும் உண்டு. வாக்கெடுத்தே முடிவு செய்தோம். யந்திரத்தைப் பற்றிய கேள்வியில் கூலியைப் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கிறது என்பதை நான் அன்று கண்டேன்.

பெட்ரோல், பாட்டரி இரண்டும் வேண்டாதவர்களுக்கும் வழி உண்டு. வீட்டை ஒட்டி ஏழெட்டு மீட்டர் நிலமே இருந்தால், மின்கம்பியால் ஓடும் சிறிய யந்திரம் போதும். விலை குறைவு, பாட்டரி மூப்படையும் கவலை இல்லை. ஆனால் ஈரத் தரையில் அதை ஓட்டக் கூடாது; மின்கசிவைத் தடுக்கும் சாதனம் வீட்டில் இருக்க வேண்டும்; கம்பி எப்போதும் முதுகுப்புறம் இருக்கட்டும். அதனினும் சிறிய நிலமானால் அரிவாளும், இங்கே 'குர்ப்பி' எனப்படும் களைக்கொத்தும் போதும். கோரைக்கு அதுவே சிறந்த மருந்தும்கூட. நரம்பு யந்திரம் அதன் தலையை மட்டும் சீவும், மண்ணுக்குள் உள்ள கிழங்கு மறுவாரமே முளைவிடும்.

ஆகவே வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள். முதலாவது, ஒரே மூச்சில் எவ்வளவு நேர வேலை? அரை மணி நேரத்துக்குள் என்றால் பாட்டரி ஒன்று அல்லது இரண்டு போதும். இரண்டாவது, என்ன புல்? அருகம்புல்லும் முழங்காலுக்குக் கீழுள்ள களையும் என்றால் நைலான் நரம்பு போதும். விரல் தடிமனுள்ள தண்டுகள் என்றால் உலோகத் தகடு பூட்டும் பெரிய யந்திரம் வேண்டும், அங்கே பெட்ரோலே இன்னும் கை கொடுக்கிறது. மூன்றாவது, பழுது பார்க்கும் கடை உங்கள் ஊரில் உண்டா? தில்லியில் கிடைக்கும் வசதி சிறிய ஆலை நகரத்தில் கிடைக்காமல் போகலாம். நான்காவது, யார் பிடிக்கப் போகிறார்கள்? அவரைக் கடைக்கே அழைத்துச் செல்லுங்கள். பிடித்துப் பார்க்கட்டும், தோள்வாரைப் பூட்டி எடையைச் சோதிக்கட்டும்.

எந்த யந்திரமானாலும் பாதுகாப்பு ஒன்றே. கண்ணாடி அணியாமல் விசையைத் தொடக் கூடாது. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும்; செருப்போடு நிற்பது ஆபத்து. வெட்டுமுன் நிலத்தில் நடந்து கல்லையும் கம்பியையும் பொறுக்கிவிட வேண்டும். மழைக்காலமானால் நீண்ட கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். 15 மீட்டருக்குள் பிறர், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கலாகாது. யந்திரத்தோடு வரும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, நைலானுக்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கோப்பவர்கள் இருக்கிறார்கள். அறுந்த கம்பித்துண்டு உடலைத் துளைக்கும். இதை எக்காரணத்தாலும் அனுமதிக்க வேண்டாம். நரம்பை மாற்றுமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் யந்திரமானால் எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் தொப்பியைக் கழற்ற வேண்டும். பார்த்தீனியத்தை வெட்டுகையில் முகக்கவசமும் கையுறையும் அவசியம். பூக்குமுன் வெட்டுவது அதனினும் அவசியம்.

வெட்டிய புல்லை எரிக்கவும் வேண்டாம். இலையும் சருகும் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டில் தில்லியில் தடை செய்து, மீறுவோருக்கு 5000 ரூபாய் அபராதம் விதிக்க உத்தரவிட்டது. விதை பிடிக்காத புல்லை ஒரு குழியில் இட்டு மண் தூவி வைத்தால், சில மாதங்களில் அது மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரமாகும்.

முடிவாக ஒன்று. நாளுக்கு நாள் பாட்டரி யந்திரங்கள் வலுப்பெற்று வருகின்றன. வீட்டுத் தோட்டத்துக்கும் காலனியின் புல்வெளிக்கும் அவற்றையே தேர்ந்தெடுப்பது இன்று பொருத்தம் என்பது என் கருத்து. புதர் மண்டிய பெருநிலத்துக்குப் பெட்ரோல் யந்திரம் இன்னும் சில காலம் தேவைப்படும். ஆனால் பாட்டரியை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை மின்னூட்ட ஓர் இடமும், காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியும் கொடுக்காவிட்டால், நமக்குப் புகையில்லாத காற்று கிடைக்கும். அதன் விலையை மாலி கொடுப்பார். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.